நிறுத்தி வைத்த இடது கண்

மாப்ள,

கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் உன் வி.ஆர். ஹெட்செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், முகத்தில் பதியும் அந்தப் பஞ்சிலிருந்து உன் தேங்காயெண்ணெய் வாடை அடித்தது. நீ போய் எட்டு மாதமாகியும் அது போகவில்லை. நேற்று உன் மனைவி புதுச்சத்திரத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடையைத் தேடி வந்து கொடுத்தாள். "ஊட்ல வெச்சிருந்தா பாத்துப் பாத்து அழுவாச்சியா வருதுங்ணா. நீங்களே வெச்சுக்குங்க. அவரு பேரு அதுல இருக்குதாமா, அத மட்டும் அழிச்சுராதீங்க" என்றாள்.

வெண்ணந்தூரில் உன் வீட்டு மாடியறை. கீழே நான்கு விசைத்தறிகள். மேலே பழைய லாரி சீட்டைத் தரையில் முடுக்கி நீ செய்த விமானி இருக்கை. சாயங்காலமானால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கணினி காட்டும் விமானத்தில் சேலம் ஓடுதளத்திலிருந்து ஏறி, மேட்டூர் அணையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து படம் திக்காமல் பார்த்துக்கொள்வேன். நிஜ விமானத்தில் நாம் இருவரும் ஏறியதே இல்லை.

அந்த ஹெட்செட்டுக்குள் கண்ணைக் கவனிக்கும் சின்ன கேமராக்கள் உண்டு. கண் போகும் இடத்தை மட்டும் துல்லியமாக வரைந்து, மற்றதை மங்கலாக விட்டால் கணினிக்குப் பாரம் குறையும். "பாக்கற எடத்த மட்டும் பளிச்சுன்னு காட்டுனாப் போதும்டா. மத்ததெல்லாம் எதுக்கு அது சொமக்கோணும்?" என்பாய். அணையின் மதகுகள் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்த அன்று நீ போட்ட சத்தத்தில் கீழே தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள்.

பிறகுதான் அந்தக் கோளாறு. மாட்டியதும் ஹெட்செட் வைக்கும், நகரும் புள்ளியைக் கண்ணால் பின்தொடரும் சோதனையில் உன் இடது கண் மட்டும் தேறவில்லை. தறி அதிர்வு என்றேன். லாரி ட்யூப்பை வெட்டி மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தோம். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் தேறவில்லை. நான் மாட்டிப் பார்த்தேன்; எனக்கு இரண்டு கண்ணும் ஒழுங்காகத் தேறின. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "உம்மூக்கு வாகு அப்படிடா" என்று சிரித்தேன்.

"ரெண்டு ரெண்டாத் தெரியுதுடா மாப்ள" என்றாய்.

"லென்ஸ் தூரம் சரியில்ல."

"பைக் ஓட்டறப்பவும் அப்படித்தான்டா தெரியுது."

"நாள் முச்சூடும் இத மாட்டிக்கிட்டுக் கெடந்தா வேற எப்படித் தெரியும்?"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கண்ணைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, வலது கண்ணை மட்டும் வைத்து ஓட்டினேன். படம் முன்பைவிட வழுக்கிக்கொண்டு ஓடியது. நீ என் முதுகில் தட்டினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியே மூன்று மாதம் ஓட்டினோம்.

நீ மாடிப்படியில் விழுந்த பிறகுதான் தலைக்குள் கட்டி இருப்பது தெரிந்தது. கண்ணுக்குப் போகும் நரம்பை அது அழுத்திக்கொண்டிருந்தது. "ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே. கண்ணுல எதுவும் தெரியலையா?" என்று கேட்டார் மருத்துவர். "ஒண்ணுமே சொல்லலீங்க. நல்லாத்தானுங்க இருந்தாரு" என்றாள் உன் மனைவி. நான் சுவரை ஒட்டி நின்றேன். நீ கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாய். அவள் மருந்து வாங்கப் போனதும், "உட்றா மாப்ள, உனக்கென்ன தெரியும்" என்றாய். நீ திட்டியிருந்தால் தேவலை.

இன்றைக்கும் அவள் எல்லோரிடமும் திடீரென்று வந்துவிட்டது என்றுதான் சொல்கிறாள். திடீரென்று வரவில்லை. அந்தச் சின்ன கேமரா தினமும் சொன்னது. நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

சற்றுமுன் ஹெட்செட்டை மாட்டினேன். உன் பெயர் வந்தது. அதன் கீழே, நான் வைத்தபடியே, இடது கண்: ஆஃப். ஒரு தட்டுத் தட்டினால் மாறிவிடும். மாற்றிவிட்டால் நான் செய்ததற்கு வேறு சாட்சி இருக்காது. கை அதன்மேல் போனது, மாப்ள. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூர் போகிறேன். இதை அவளுக்கு மாட்டிவிட்டு, அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லப் போகிறேன்.