நீல மூடியும் சிவப்பு மூடியும்

அன்பு மகளுக்கு,

படகிலிருந்து அம்மா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்காலும் இரத்த அழுத்தமும் இப்போதைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். பெற்ற மகனே இந்த வயதில் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாத்திரம் தேய்க்க வைக்கிறான் என்று உன் சித்தி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். அது சுத்தப் பொய். வேலை கொடுக்காவிட்டால் அடுத்த கரையில் இறங்கிவிடுவேன் என்று மிரட்டி நானே வாங்கிக்கொண்ட வேலைகள் இவை. கன்னியாஸ்திரிகளிடம் ஒன்பது வருஷம் படித்தவளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது என்று அவளிடம் சொல்.

மூன்று நாளாக ஒரு சிறு விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கிறோம். நேற்று விடிந்ததிலிருந்து விடாத மழை. மழை நாள் என்றால் போர்த்திக்கொண்டு படுத்திருப்போம் என்று நினைக்காதே, படகில் அன்றைக்குத்தான் ஒதுக்கிவைத்த வேலையெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். உன் தம்பி எஞ்சினுக்குள் தலையை விட்டு எண்ணெய் மாற்றினான், மருமகள் முன்னறையில் மெத்தைகளைத் தூக்கி நிறுத்திப் பூஞ்சை துடைத்தாள், நான் டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்துத் துரு பிடித்ததைத் தனியே வைத்து மீதியைத் துடைத்து அடுக்கினேன். அவள் அடுக்கினால் பருப்புக்குப் பின்னால் சோப்பு இருக்கும். தங்கமான பெண்தான், வரிசை என்பது மட்டும் அவள் பிறந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மழைத் தண்ணீர் பிடிப்பதும் என் பொறுப்பு. தளத்துக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டியிருக்கிறோம், அதன் நடுவிலிருந்து ஒரு குழாய் தொங்கும். முதல் மழையில் உப்பெல்லாம் கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கவில்லை என்றால் தொட்டியின் மூடியைத் திறந்து குழாயை உள்ளே விட வேண்டும். தளத்தில் இரண்டு மூடிகள் உண்டு. வலப்பக்கம் நீலம், அது தண்ணீர்த் தொட்டிக்கு. இடப்பக்கம் சிவப்பு, அது டீசல் தொட்டிக்கு. இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் ஒரே சாவி. நேற்று நான் மழைச்சட்டை போட்டுக்கொண்டு மேலே போனேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், மூடியைத் திறந்தேன், குழாயை விட்டேன், இறங்கி வந்து டப்பாக்களைத் தொடர்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர்த் தொட்டியில் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தால் ஒரு விரல்கூட ஏறவில்லை. நான்தான் உன் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் மழைச்சட்டைகூடப் போடாமல் மேலே ஓடினான். குழாய் சிவப்பு மூடிக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. அவன் கோபப்படவே இல்லை. குழாய் வழியில் இடறியதால் தானே இந்தப் பக்கம் மாற்றி வைத்ததாகவும் மறந்துபோனதாகவும் சொன்னான். சரி என்று நானும் நாலு வார்த்தை திட்டினேன். அரை மணி நேரம் போனதும் மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தான்தான் குழாயை மாற்றியதாகவும் அவரைத் திட்ட வேண்டாம் என்றும் சொல்கிறாள். தப்பை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உனக்கு என்று பிடுங்கிக்கொள்கிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு குழாயை இரண்டு பேர் எப்படி மாற்றியிருக்க முடியும்? எழுந்து போய் மழைச்சட்டைகள் மாட்டும் ஆணியைப் பார்த்தேன். மூன்று மழைச்சட்டைகளில் என்னுடையது மட்டும்தான் ஈரம். படகில் சுவர் என்பது வெறும் பலகை, முன்னறையில் அவர்கள் குசுகுசுத்தது என் காதில் தெளிவாக விழுந்தது. “நான்தான் ஒத்துக்கிட்டேனே, நீ எதுக்குடி நடுவுல புகுந்து ஒத்துக்கிட்ட?” என்றான். அதற்கு அவள், “நீங்க சொன்னதை அத்தை நம்பின மாதிரியே தெரியலை, அதான்” என்றாள்.

அப்படியானால் நான்தான். ஆனால் நீல மூடியைப் பார்த்ததாக எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது நேற்றுப் பார்த்ததா, போன மழையில் பார்த்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மழை முகத்தில் அடிக்காமல் இருக்கப் படகின் பின்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றேன், அப்படி நின்றால் வலது இடதாகிவிடும். மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். தார்ப்பாயின் நிழலில் என் கையே நீலமாகத்தான் தெரிந்தது. யாரும் செய்யக்கூடிய தவறு என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் இவ்வளவு நன்றாக வக்காலத்து வாங்குகிறேனே, அதுவே மறதிக்கு ஒரு அறிகுறியோ என்று தோன்றுகிறது. பள்ளியில் தப்புச் செய்தவள் தானாக எழுந்து நிற்க வேண்டும். நான் செய்தபோதெல்லாம் நின்றிருக்கிறேன், செய்யாதபோது யார் சொல்லியும் நின்றதில்லை. நேற்றுதான் முதல் தடவையாக நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் இருந்தேன். சாப்பிடும்போது, நான் செய்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் ஒரே மூச்சில் இல்லை இல்லை என்றார்கள். அந்த வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் தெம்பாக இருந்திருக்கும்.

டீசலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. தண்ணீர் அடியில் தங்கிவிடுமாம். சாயங்காலம் வரை உன் தம்பி கைப் பம்பால் அடியிலிருந்து உறிஞ்சிக் கண்ணாடி ஜாடிகளில் பிடித்தான், நான் ஜாடிகளைத் துடைத்துக் கொடுத்தேன். ஆறாவது ஜாடியில்தான் கீழே தண்ணீர்க் கோடு தெரியாமல் முழுக்க டீசலாக வந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். போன வாரம் தொலைபேசியில், கொஞ்ச நாள் என்னோடு வந்து இரும்மா, ஒரு மாற்றமாக இருக்கும் என்றாய். சந்தோஷப்பட்டேன். நேற்றிலிருந்து அந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்கிறது. அடுத்த துறைமுகத்தில் விமான நிலையம் இருக்கிறதா என்று உன் தம்பி வரைபடத்தில் தேடியதை நான் பார்த்தேன். நீயாக ஆசைப்பட்டுக் கூப்பிட்டாயா, அவன் சொல்லிக் கூப்பிட்டாயா? இதுதான் நான் செய்த முதல் தப்பா, இதற்கு முன்னால் எனக்குத் தெரியாமல் இவர்கள் மூடிவைத்தது வேறு உண்டா? உன்னிடம் சொன்னதையே நான் திரும்பச் சொல்கிறேனா? மறதி என்றால் வந்துவிடுகிறேன், பெட்டியை நானே கட்டுவேன். மறதி இல்லை என்றால் அடுத்த மழைக்கும் குழாய் என் கையில்தான். எதுவென்று தெரியாமல் இந்த இரண்டு பேரின் கருணையில் உட்கார்ந்திருக்க மட்டும் என்னால் முடியாது.

குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராமல் கடவுள் காப்பாற்றட்டும். சின்னவளின் பல்லுக்குக் கம்பி போட்டாயிற்றா? இழுத்தடிக்காதே. அடுத்த துறைமுக அலுவலகத்தின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு நாளில் அங்கே இருப்போம். தொலைபேசியில் பேசாதே, நீ குரலைக் குழைத்துச் சமாளித்துவிடுவாய். நான் கேட்டதற்குப் பதிலை உன் கையால் எழுதி, என் பெயருக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா