பின்னறைப் பெட்டிகள்

மார்ச் 3
ஆஸ்பத்திரிக்கு எதிரே சூட்கேஸ் கடை போட்டபோது சிரித்தார்கள், நோயாளியா பெட்டி வாங்குவான் என்று. நர்ஸ்கள் வாங்குகிறார்கள், வெளிநாடு போக. விஷயம் கசிந்தால் ஆஸ்பத்திரிக்காரன் அவர்களிடம் வாங்கி வைத்திருக்கும் படிப்புச் சர்டிபிகேட்டை அமுக்கிக்கொள்வான். அதனால் பெட்டிகள் என் பின்னறையில் கிடக்கும். வந்து வந்து நிரப்பிவிட்டு, கிளம்பும் நாளில் தூக்கிப் போவார்கள்.

மார்ச் 9
இன்று வந்தது குருவி. என் மனைவிக்கு டயாலிசிஸ் செய்யும் நர்ஸ். மனைவி வைத்த பெயர் அது. ஒரே கொத்து, ஊசி நரம்பில் நிற்கும். வேறு யார் குத்தினாலும் கை கத்திரிக்காய் நிறமாகிவிடும்.
"பெருசா ஒண்ணு குடுங்கண்ணே. பேங்க்ல காட்டணும்னு சொல்லி ஆஸ்பத்திரில சர்டிபிகேட் கேட்டிருக்கேன். கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடாதீங்க."
அண்ணனாம்! அப்போதும் உறுதியான சக்கரமாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். தொழில் புத்தி. தூ!

மார்ச் 10
குருவி போகப்போகிறாள். மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 14
ஆஸ்பத்திரி மானேஜர் வந்தான். மூன்று பேர் வேலையை ஒரு நர்ஸ் தலையில் கட்டுகிறவன், "நன்றி கெட்டதுங்க" என்று உச்சுக்கொட்டினான்.
"யார் பெட்டி வாங்குறான்னு மட்டும் காதுல போடுங்க முதலாளி. வீட்டம்மாவுக்கு ஊசி போடுற பொண்ணு ஓடாம நான் பாத்துக்கிறேன்."
எங்கே அடித்தால் விழுவேன் என்று தெரிந்து வைத்திருக்கிறான். துரத்தியிருக்க வேண்டாமா? "யோசிச்சுச் சொல்றேன்"னு இளிச்சேனே — நானெல்லாம் என்ன ஜென்மம்?

மார்ச் 15
மனைவியிடம் கொட்டிவிட்டேன்.
"அவ பொழப்புல மண்ணைப் போட்டுட்டு, அவகிட்டயே கையை நீட்டச் சொல்றீங்களா?"
திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் பயம் இருக்காதா?

மார்ச் 16
"ஸ்கூல் பைதான் சார் ஓடுது" என்றேன் மானேஜரிடம். பின்னறைக் கதவையே பார்த்தான். பார்க்கட்டும்.

மார்ச் 27
சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. குருவி பெட்டியைத் தூக்க வந்தாள்.
"புதுப் பொண்ணு ஒருத்திய அண்ணி கையிலயே பழக்கி விட்டிருக்கேண்ணே. கொஞ்ச நாள் வலிக்கும்."
அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. போகிறவள் போக வேண்டியதுதானே? பூட்டு ஒன்றைச் சும்மா கொடுத்தேன்.

ஏப்ரல் 19
நாலாவது குத்தில்தான் நின்றது. கையெல்லாம் கத்திரிக்காய். "பரவால்ல, பதறாம குத்து கண்ணு" என்று புதுப் பெண்ணை மனைவி தேற்றுகிறாள்.
சாயங்காலம் மானேஜர் வந்தான். நர்ஸ்களை அள்ளிப் போகிற வெளிநாட்டுக் கம்பெனியிலேயே அவனுக்கு வேலையாம். பெரிய பெட்டியாக உருட்டிப் பார்த்தான்.
"இங்கயே இருக்கட்டும் முதலாளி. ஆஸ்பத்திரிக்குத் தெரிய வேண்டாம்."
"வைக்க இடமில்ல சார்."
குருவியின் பெட்டி இருந்த மூலை காலியாகத்தான் கிடக்கிறது.