பெருக்குபவரிடம் சாவி வந்த விதம்

அனுப்புநர்:
இ. பாக்கியமேரி,
க/பெ. காலஞ்சென்ற இன்னாசிமுத்து,
மாதா கோயில் பின்தெரு,
ஆரணி, வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
கைத்தறித் துறை,
வேலூர்.

பொருள்: கமண்டலக்கரை பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், ஆரணி – பத்தொன்பது ஆண்டு எழுத்துப்பணி – பெருக்குபவர் சம்பளம் – பட்டு இருப்பில் எடைக் குறைவு – என்மீது திருட்டுப் புகார் தர ஏற்பாடு – பாதுகாப்பும் விசாரணையும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 9.8.1976.
2. மேற்படி மனுவிற்குச் சங்கம் அனுப்பிய பதில், நாள் 2.9.1976 (இதுவும் என் கையெழுத்திலேயே உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

கோரிக்கையைக் கடைசியில் வைப்பதே முறை என்று அறிவேன். ஆனாலும் ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இம்மனுவை விளக்கம் கேட்டு எங்கள் சங்கத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். அனுப்பினால் அந்த உறை என் மேசைக்குத்தான் வரும். தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுபவள் நான். அதற்குப் பதில் எழுத வேண்டியவளும் நானே. முன்பு ஒருமுறை அப்படி நடந்துவிட்டது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். 1.7.1965 அன்று மேற்படி சங்கத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்தர் பணியிடத்துக்கு அனுமதி வரவில்லை என்றும், இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றும், அதுவரை காலியாக இருந்த பகுதி நேரப் பெருக்குபவர் இடத்தில் என் பெயரைப் போட்டுச் சம்பளம் தருவதாகவும் செயலாளர் திரு. சம்பந்தம் அவர்கள் கூறினார். சம்மதித்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இரண்டு மாதம் பெரிய காலமாகத் தெரியவில்லை. அந்த அனுமதி இன்றுவரை வரவில்லை.

2. பெங்களூரிலிருந்து வரும் பட்டை எடைபோட்டு இருப்பில் வைப்பது, ஊரிலும் முள்ளிப்பட்டிலும் உள்ள உறுப்பினர்களுக்கு நிறுத்துக் கொடுப்பது, நெய்து வரும் சேலையைத் திரும்ப நிறுத்து வாங்குவது, கடிதம் எழுதுவது எல்லாம் என் வேலை. பட்டு அறையின் சாவி 1968 முதல் என்னிடம் இருந்தது. நெசவாளர்கள் என்னைக் கணக்கம்மா என்றுதான் அழைப்பார்கள். பெருக்குபவர் என்ற வகையில் எனக்கு மாதம் தொண்ணூறு ரூபாய். காவலாளி பச்சையப்பனுக்கு இருநூற்று நாற்பது. அவர்மீது எனக்குப் பொறாமை இல்லை. நல்ல மனிதர், நன்றாகத் தூங்குவார். அவர் காக்கும் அறையின் சாவி என்னிடம் இருந்தது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. தணிக்கைக்கோ ஆய்வுக்கோ அதிகாரிகள் வரும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. அன்று நான் மேசையைவிட்டு எழுந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். பதிவேட்டில் உள்ளபடி ஆள் இருக்க வேண்டும் அல்லவா? உள்ளே கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் செயலாளர் தண்ணீர் குடிப்பதுபோல வெளியே வருவார். நான் மெதுவாகச் சொல்வேன். அவர் போய்ச் சொல்வார். முதல் இரண்டு ஆண்டுகள் இதை நினைத்துச் சிரித்ததும் உண்டு. சங்கத்தின் வெள்ளி விழாவில் ஊழியர்கள் அனைவரையும் வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. படத்துக்குக் கீழே பெயர்களை எழுதித் தரும்படி மறுநாள் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.

4. 1976இல் என் கணவர் நோயில் இறந்தார். மகள் ரோஸி சின்னப் பெண். வேறு வழியின்றிப் பார்வை 1இல் கண்ட மனுவைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். செய்யும் வேலைக்கு உரிய சம்பளம் கேட்டிருந்தேன். அது விளக்கம் கோரிச் சங்கத்துக்கே வந்தது. உறையைப் பிரித்தவுடன் எனக்கு உயிரே போய்விட்டது. செயலாளர் கோபிக்கவில்லை. அருகில் வந்து, "மேரி, இதுக்கும் நீயே பதில் எழுதிடும்மா. வேற யாருக்கு எழுத வருது?" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மனுதாரர் பெருக்குபவர் மட்டுமே என்றும், அவர் எந்த எழுத்து வேலையும் செய்வதில்லை என்றும், பட்டு அறைக்குள் நுழைய அவருக்கு அனுமதியில்லை என்றும் அந்தக் கடிதம் சொல்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாகவே எழுதினேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அது.

5. கடந்த 25.4.1984 அன்று தங்கள் துறை ஆய்வாளர் பட்டு இருப்பை எடைபோட்டார். எண்பத்திரண்டு கிலோ இருக்க வேண்டிய ஒரு சரக்கில் இரண்டு கிலோ எழுநூறு கிராம் குறைந்தது. அந்தப் பட்டு போன கார்த்திகையில், விடாத மழையில் வந்தது. சேலை ஆர்டர் தள்ளிப்போனதால் கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. பட்டு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து எடை கூடும், கோடையில் காய்ந்து குறையும். இதற்காகவே மண்ணெண்ணெய்க் கறை படிந்ததால் ஒதுக்கிய ஒரு சிறு பட்டுக் கட்டை 1971 முதல் தனியாக வைத்து, மாதம் முதல் தேதியில் நிறுத்து, பட்டு அறை பீரோ கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வருகிறேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கட்டு கார்த்திகையில் 512 கிராம். சித்திரையில் 495 கிராம். எண்பத்திரண்டு கிலோவுக்கும் அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் அந்த இரண்டு கிலோ எழுநூறு கிராம்தான் வருகிறது. ஒரு இழைகூடத் திருட்டுப் போகவில்லை, ஐயா.

ஆய்வாளர் உள்ளே தராசைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவர் எடையை உரக்கப் படித்தது என் காதில் விழுந்தது. காரணம் எனக்குத் தெரியும். நாலு எட்டு உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். பெருக்குபவள் பேசலாமா என்று நின்றுவிட்டேன். அன்றைக்கென்று பார்த்துச் செயலாளரும் தண்ணீர் குடிக்க வெளியே வரவில்லை.

6. மறுநாளே செயலாளரிடம் அந்தக் கட்டைக் காட்டி விளக்கினேன். அவர் நம்பினார். ஆனால் அதைச் சொன்னால், மாதாமாதம் நிறுத்தது யார் என்று கேட்பார்கள், பத்தொன்பது வருடக் கதையும் வெளியே வரும், ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கும்போது தன் பணிக்கொடை நின்றுவிடும் என்றார். அவரும் பயத்தில்தான் இருக்கிறார். அவர் பயத்துக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.

நேற்று (11.5.1984) காலை சாவியை வாங்கிக்கொண்டார். மாலையில் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். காவல் நிலையத்துக்கான புகார் வரைவு அது. பகுதி நேரப் பெருக்குபவர் பாக்கியமேரி, சாவியைக் கள்ளத்தனமாக எடுத்துப் பட்டைத் திருடிவிட்டதாக எழுதியிருந்தது. ஆதாரமாகப் பார்வை 2இல் உள்ள கடிதம் காட்டப்பட்டிருந்தது. இருமுறை படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். "பெருக்கினு இருந்தவ கையில சாவி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, நீதாம்மா பதில் சொல்லணும். நான் என்ன பண்றது?" என்றார். பிறகு, புதன்கிழமைக்குள் அதை நல்ல தாளில் எழுதித் தரச் சொன்னார்.

ஆம் ஐயா, என்மீதான புகாரையும் நானே எழுதித் தர வேண்டும். வரைவில் ஆய்வு நடந்த தேதியை 26 என்று தவறாகப் போட்டிருந்தார். பழக்கத்தில் என் கை அதை 25 என்று திருத்திவிட்டது. திருத்திய பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அப்போது வந்த பயம் இன்னும் போகவில்லை.

7. நான் எழுத்தர் என்று சொன்னால், நான் எழுதிய கடிதப்படியே அனுமதியில்லாத அறையின் சாவியைப் பதினாறு ஆண்டுகள் வைத்திருந்தவள் ஆகிறேன். பெருக்குபவர் என்று ஒப்புக்கொண்டால் திருடி ஆகிறேன். இரவெல்லாம் யோசித்தும் மூன்றாவது வழி தெரியவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே போலீஸோ என்று கதவைத் தாழிடுகிறேன். ரோஸி ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கிறாள். போலீஸ் வந்துபோன வீட்டுப் பெண் என்று அவளைச் சொல்லிவிடுவார்களே என்று பயப்படுகிறேன். அவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. தங்கையைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லித் தேசூர் வந்து, இங்கிருந்து எழுதுகிறேன். ஆரணித் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் அனுப்பினால் அரை மணியில் சங்கத்துக்குத் தெரிந்துவிடும். தங்கை கணவர் பவுல்துரை, இம்மனுவைத் திங்கட்கிழமை காலை தங்களிடம் நேரில் தருவார்.

8. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

புதன்கிழமைக்கு முன்பாகப் பட்டு அறையைத் திறந்து, கறைபட்ட அந்தக் கட்டையும் பீரோ கதவையும் கைப்பற்ற வேண்டுகிறேன். பீரோவுக்கு வண்ணம் அடிக்கப்போவதாகச் செயலாளர் நேற்றுப் பேசிக்கொண்டிருந்தார். கட்டு கறைபட்டது என்பதால் யாரும் எடுத்து வீசிவிடக்கூடும். எனக்கு இருக்கும் ஒரே சாட்சி அது.

1965 முதல் உள்ள இருப்புப் பதிவேடுகளில் எதையாவது ஒன்றை எடுத்து இம்மனுவோடு வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். இரண்டும் ஒரே கை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். முள்ளிப்பட்டு நெசவாளர் மாணிக்கவேலைக் கேட்டாலும், பட்டு நிறுத்துக் கொடுத்தது யார் என்று சொல்வார்.

இவ்வளவும் விசாரித்த பிறகு என்மீது குற்றம் உண்டென்று தாங்கள் கருதினால், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் புகாரில் பெருக்குபவர் என்ற சொல்லை அடித்துவிட்டு எழுத்தர் என்று போட உத்தரவிட வேண்டுகிறேன். எண்பத்திரண்டு கிலோ பட்டை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவள் என்றாவது காவல் நிலையத்தில் ஒரு காகிதம் சொல்லட்டும். வேறெந்தக் காகிதமும் அதைச் சொன்னதில்லை. சங்கத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்களை எழுதியிருக்கிறேன். என் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லை எழுதுவது இதுவே முதல்முறை. எழுதலாமா என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

தங்கள் உத்தரவு வரும்வரை கதவைத் தாழிட்டுக் காத்திருக்கும்,

இ. பாக்கியமேரி
எழுத்தர்

இடம்: தேசூர்
நாள்: 12.5.1984

இணைப்பு: என்மீதான புகார் வரைவின் நகல் (தேதி திருத்தப்பட்டது).