பவளத்தைக் குறுக்கே வெட்டினேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

டிவியில் பவளம் வரும் நாடகத்தை ரெண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத நாலு பிள்ளைகளின் கதை. பவளத்துக்குத் திக்குவாய். கிண்டல் செய்தவன் போய் வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துப் பதில் சொல்லி முடிப்பாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தேனியிலிருந்து பெருமாநல்லூர் வந்து பள்ளியில் சேர்ந்தபோது என் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நான் பேசுவதையே விட்டுவிட்டேன். பவளம் விடவில்லை.

அவள் முகம் அச்சடித்த டி-ஷர்ட் ஆர்டர் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குத்தான் வந்திருந்தது. இன்று கேன்சல். எல்லாவற்றையும் வெட்டி, மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணியாக்கச் சொல்லிவிட்டார்கள். நான் முகத்தை விட்டுவிட்டு ஓரமாக வெட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"ஏனுங்க, எண்ணெய் துடைக்கற துணிக்கு மூஞ்சி எதுக்குங்க? குறுக்கால வெட்டுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. குறுக்கே வெட்டினேன். சாயங்காலம் வரை வெட்டினேன்.

வீட்டுக்கு வந்தால், பவளம் வந்துகொண்டிருந்த அதே எட்டு மணிக்கு ஒரு மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இது தேவல," என்றாள் அம்மா. டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

சொல்லவேண்டிய பதில் இப்போதுதான் வாயில் வருகிறது. சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஏண்ணே, ஒங்க மூஞ்சிய அச்சடிச்சிருந்தாலும் குறுக்க வெட்டச் சொல்லுவீகளா?"