கட்டங்களாக வந்த மெயில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

காது மந்தமான அப்பாவிடம் போனில் கத்த முடியாமல்தான் நீ தமிழில் மெயில் எழுத ஆரம்பித்தாய். என் பழைய கம்ப்யூட்டரில் அதெல்லாம் வெறும் கட்டங்களாகத்தான் வந்தன. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். மாசமாக இருக்கிற பெண் நல்லதைத் தவிர வேறென்ன எழுதப்போகிறாள் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில், "ரொம்ப சந்தோஷம்மா" என்று தட்டி அனுப்பினேன்.

பிறகு உன் மெயில் நின்றுபோனது. பிரசவத் தேதி தாண்டியதும், பேரப்பிள்ளை போட்டோ எங்கே என்று இரண்டு தடவை கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

நேற்று பிரிண்டர் பழுதுபார்க்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இத்தன நாளா இப்படியேவா வச்சிருந்தீங்க? தமிழ் ஏத்துனா போதும், பத்து நிமிஷ வேலை" என்றார். ஒரு சிடியைப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார். கட்டங்கள் இருந்த இடத்தில் நீ எழுதியது வந்தது.

"அப்பா, ஏழாம் மாசத்துலயே குழந்தை போயிடுச்சுப்பா. யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. நீ ஒரு தடவ வந்துட்டுப் போப்பா."

அதன் கீழே என் பதிலும் இருந்தது.

"இப்ப சரியா படிக்க வருதா சார்?" என்றார் அவர்.

"வருதுப்பா" என்றேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உன் கதவுக்கடியில் தள்ளுகிறேன். திறக்க மனம் வராவிட்டால் திறக்காதே. இருட்டும்வரை படியில் உட்கார்ந்திருப்பேன். நீ வரச் சொன்னாய், வந்துவிட்டேன் பாப்பா.

அப்பா