கொட்டில் இல்லை, கல்வீடு

நாகதம்பிரான் துணை

குவைத்

தாட்சாயினியின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் பிள்ளையின் சுகத்துக்கும் இங்கே சத்தமில்லாமல் மனதுக்குள் தேவாரம் பாடிக் கும்பிடுகிறேன்.

புயலில் பறந்த கூரைக்குக் காப்புறுதிப் பணம் வங்கிக்கு வந்துவிட்டது. முதலில் மறுக்கத்தான் பார்த்தார்கள். காப்புறுதிப் பத்திரம் என் பெயரில் இருப்பதால், அந்த அலுவலகத் தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, அண்ணை வீட்டை ஓலைக் கொட்டில் எண்டெல்லோ சொல்லுறார்? கொட்டிலுக்குக் காப்புறுதி இல்லை."

"தம்பி, இடம்பெயர்ந்து கொட்டில் கொட்டிலாய்த் திரிஞ்ச மனுசன். மாளிகை கட்டினாலும் அவர் அப்பிடித்தான் சொல்லுவார். ஒருக்காப் போய்ச் சுவரைத் தட்டிப் பாருங்கோ" என்றேன்.

சிரித்துவிட்டார். கனகராயன்குளத்துக்கு வந்து வீட்டைப் பார்த்த பிறகு முழுவதையும் தந்துவிட்டார்கள். இனி யார் கேட்டாலும் கல்வீடு என்றே சொல்லுங்கள். அந்தக் கல்லுக்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

பணத்தைக் கூரைக்கு மட்டும் எடுங்கள். பற்றுச்சீட்டுகளை அலுமாரியில் வையுங்கள். பிள்ளைக்குத் தலை ஈரம் காயாமல் பின்ன வேண்டாம்.

இங்கே மழை இல்லை. புதுக் கூரையில் முதல் மழை விழும்போது என்னை அழையுங்கள். ஒன்றும் கதைக்க வேண்டாம். போனைக் கொஞ்ச நேரம் மேலே பிடித்துக்கொண்டு நில்லுங்கள், போதும்.

மேடம் கூப்பிடுகிறார். போகிறேன்.

ஜெகதீஸ்வரி