உப்பளம் அண்ணாச்சி

மார்ச் 27, வியாழன்

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு, மாடி அறைக்குப் போனேன். நான் தூங்கப் போவதாக வடிவு நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

போனில் துப்பாக்கி விளையாட்டு, இரண்டு ஆட்டம். முதலாவதில் இறங்கியதுமே செத்தேன். அடுத்ததில் ஷாம் காப்பாற்றினான். "அண்ணாச்சி, அங்கன நிக்காதீங்க, சுவரோட ஒட்டி வாங்க" என்றான். காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரி" என்று தட்டினேன். நான் பேசுவதில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஷாம் நான் பெற்ற மகன். கயிறும் பெயிண்டும் விற்கிற கடை வேண்டாம், விளையாடியே பிழைப்பேன் என்று சென்னைக்குப் போனவன். "இனி இந்த வாசப்படி மிதிக்காதல" என்றேன். மிதிக்கவில்லை. அம்மா வடிவுக்கு மட்டும் போன் பண்ணுவான். மத்தியானத்தில் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டு ஆடுவான் என்று தெரிந்ததும் 'உப்பளம்' என்று பெயர் வைத்து நானும் நுழைந்தேன். நம்ம ஊர்க்காரர் யாரோ என்று அண்ணாச்சி போட்டு அழைக்கிறான். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலில் பொங்கலிட்டுத் திரும்பினோம். வருடாவருடம் பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்துச் சாமி முன்னால் வைத்துக் கொடுப்பது வழக்கம். இந்த முறையும் வடிவு ஒரு சட்டை எடுத்தாள். போன வருடத்துச் சட்டையோடு அதுவும் பீரோவுக்குள் போயிற்று.

எனக்கு ஒரு யோசனை. விளையாட்டுக்குள்ளேயும் உடுப்பு விற்கிறார்களே! ஷாமுக்குச் சிவப்பில் ஒன்று எடுத்தேன். நல்ல நாளில் ஒருத்தனுக்கு மட்டும் எடுத்தால் நன்றாகவா இருக்கும்? அவன் அணியில் உள்ள மற்ற நாலு பையன்களுக்கும் எடுத்தேன். பாதியில் என் கார்டு மறுத்தது. வடிவின் கார்டைப் போட்டேன், அப்புறம் கடைக் கார்டு. சரக்கு எடுக்கும்போது செய்வதுதானே.

"என்ன அண்ணாச்சி, தீவாளியா!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

ஏப்ரல் 12, சனி

விளையாட்டு திறக்கவில்லை. 'சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை. கணக்கு முடக்கப்பட்டது' என்று வருகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பும் அதுவுமாக ஒரு இயந்திரத்தோடு மல்லுக்கட்டினேன். உதவி மையமாம். பெயர் லியோவாம். "உங்கள் சிரமம் புரிகிறது" என்கிறது. என்னடா புரிகிறது உனக்கு? மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி." கார்டெல்லாம் எனக்கும் என் மனைவிக்கும் உரியவை என்று காட்ட, பேங்க் பாஸ்புக்குகளைப் படம் எடுத்து அனுப்பினேன். கோப்பு பெரிதாக இருக்கிறதாம். சிறிதாக்கி அனுப்பினால் எழுத்து தெரியவில்லையாம். கடைசியில், பிரச்சினை தீர்ந்தது என்று அதுவே முடிவுகட்டி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

போன வாரம் தருவைகுளத்துக்காரர் ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். திறந்தால் உள்ளே காய்ந்துபோயிருந்தது. வேறு டப்பா கொடுத்தேன். லியோவை என் கல்லாவில் உட்காரவைத்தால் ஒரே வாரத்தில் கடையைப் பூட்டிவிடலாம்.

ஏப்ரல் 16, புதன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகெல்லாம் கரையில். பெயிண்ட் அடிக்க இன்னும் யாரும் இறங்கவில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டே ஷாமின் நேரலையைப் பார்த்தேன். ஆட்டம் இல்லை, வெறும் பேச்சு. "உப்பளம்னு ஒருத்தர் கிஃப்ட் அனுப்பிச்சார். திருட்டுக் கார்டாம். வாங்குன எங்க அஞ்சு பேர் அக்கவுண்டையும் சேத்து முடக்கிட்டாங்க. மே மூணாம் தேதி போட்டி. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

ஐயோ. அவர்களையுமா? அவன் இத்தனை நாள் ராப்பகலாக ஆடியது இந்தப் போட்டிக்குத்தானே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. வெயில் என்று வடிவிடம் சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

கடையில் பில் போடும் செல்லக்கிளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஆங்கிலம் வரும். சிரிப்பாள் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. "அனுப்புனவரு அப்பான்னு எழுதிருவோமா அண்ணாச்சி? ஒங்க பேர அந்தப் பையங்ககிட்டச் சொல்லலாமான்னு கம்பெனியில கேக்காவ." சொல்லட்டும் என்றேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பன் பெயரைப் பார்த்தால் அவனே கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிடுவான், எல்லாம் திறந்துவிடும். கோபம் இருந்தாலும் ரத்தம் இல்லையா.

ஏப்ரல் 25, வெள்ளி

பதில் வந்தது. முதல்முறையாக மனிதர் எழுதியதுபோல இருக்கிறது. செல்லக்கிளி வாசித்துச் சொன்னாள்.

என் பெயரையும் ஊரையும் போட்டு, இவரைத் தெரியுமா என்று ஷாமிடம் கேட்டிருக்கிறார்களாம். தெரியாது என்றால் உடுப்புகளைப் பறித்துக்கொண்டு அவர்கள் ஐந்து பேர் கணக்கையும் அன்றே திறந்துவிடுவார்களாம். தெரியும் என்றால் கூட்டுக் களவு என்று ஆறு கணக்கும் பூட்டியே கிடக்கும், விசாரணை முடிய இரண்டு மாதம் ஆகலாம். இதை ஷாமுக்கும் எழுதியிருக்கிறார்களாம்.

"இது என்ன நியாயம் அண்ணாச்சி!" என்று செல்லக்கிளி கத்தினாள். கடைக்குள் வேறு யாரும் இல்லை. பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதச் சொன்னேன். லியோ வந்து, பொறுமைக்கு நன்றி சொன்னது.

ஏப்ரல் 27, ஞாயிறு

என்ன சொல்வான்? தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். நாலு பையன்களின் பிழைப்பும் அவன் கையில் இருக்கிறது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் சொல்லக்கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 28, திங்கள்

'பயனர் உங்களைத் தெரியாது என்று உறுதிசெய்துள்ளார். உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. இந்தக் கைப்பேசியில் இனி புதிய கணக்குத் தொடங்க இயலாது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

மே 3, சனி

போட்டியைப் பார்த்தேன். பழைய சாம்பல் உடுப்பில் ஆடினான். சுவரோடு ஒட்டி ஒட்டிப் போனான். மூன்றாவது இடம். வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சாமிக்கு விளக்கேற்றினாள்.

வேறு போன் வாங்கலாம், வேறு பெயர் வைக்கலாம். தெரியாது என்று சொன்ன பிள்ளையின் பின்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

மே 11, ஞாயிறு

சாப்பிடும்போது வடிவு சொன்னாள்: "ஷாம் பேசுனான். அதிசயமா ஒங்களக் கேட்டான்."

சோற்றில் வைத்த கை நின்றது. "என்ன கேட்டான்?"

"அப்பா இப்ப மத்தியானத்துல என்ன செய்யுதாவன்னு கேட்டான். அது என்ன கேள்வியோ."

"நீ என்ன சொன்னே?"

"தூங்குததே இல்ல, சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காவன்னேன்."

"அதுக்கு?"

"தூங்குததே இல்லையான்னு திரும்பக் கேட்டான். பொறவு வச்சிட்டான்."

ரசம் ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்தேன்.